மல்லிகைக் கட்டு

மல்லிகை அழுகினால் என்ன வாடை வரும் என்று இளமதிக்கு அதுவரை தெரியாது. தலையில் வைத்த பூ வாடும், பழுப்பேறும், உதிரும். அவ்வளவுதான் பார்த்திருக்கிறாள். மாரில் வைத்துக் கட்டிய பூ அப்படிக் காய்வதில்லை. வியர்வையிலும் கசிகிற பாலிலும் ஊறி, வெந்த கீரை மாதிரிக் குழைந்து, வலது மார்பின் அடிமடிப்பில் கூழாக ஒட்டிக்கொள்கிறது. காலையில் துணியை அவிழ்க்கும்போது புளித்த பாலும் செத்த பூவும் சேர்ந்து ஒரு நெடி கிளம்பும்.

மாமியார் சந்திரகலா அந்தக் கூழை வழித்து எடுப்பாள். ஈரத்துணியால் ஒரு துடை. பிறகு கூடையிலிருந்து அன்று பறித்த மொக்குகளை அள்ளி வைத்து, பழைய வேட்டியைக் கிழித்த துணியால் முதுகைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். பால் வற்றுவதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் வைத்தியம். குழந்தை செத்துப் பிறந்தவர்களுக்குச் செய்வது. இளமதியின் குழந்தை உயிரோடுதான் இருந்தது. அடுத்த அறையில், பவுடர் பாலைப் பாலாடையில் குடித்துவிட்டு, வயிறு உப்பி, முக்கிக்கொண்டிருந்தது.

வைகாசி வெயில். மாமனார் அப்பாவு நெல்நிலம் போக ஓரத்தில் கொஞ்சம் மல்லித்தோட்டமும் வைத்திருந்தார். இந்தக் காலத்தில்தான் பூ கொட்டும். காற்று சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து திரும்பினால் உருக்காலைக் கரி வந்து எதன்மேலும் படியும். கொடியில் காயும் குழந்தைத் துணியை உதறினால் கறுப்பாகப் பொடி பறக்கும். பூவின் மேலும் அது இருக்கும். சந்திரகலா மொக்குகளை அலசித்தான் வைப்பாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எதிலும் குறை சொல்ல முடியாத மாமியார்தான் அவள். கல்யாணமான மறுவருஷம் இளமதிக்கு இடது மார்பில் கட்டி வந்தது. சென்னையில் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் ஊசிமருந்து ஏற்றினார்கள். ரோஸ்மில்க் போலச் சிவப்பாக ஒரு மருந்து குழாயில் இறங்கும். மறுநாள் மூத்திரமும் அதே நிறத்தில் போகும். இளமதிக்குத் தாய் கிடையாது. ஆர்.கே.பேட்டையில் இருந்த அண்ணன் வந்து பார்த்துவிட்டு, வாசலோடு போய்விட்டான். வாந்தி பிடித்த பேசினைக் கழுவியது சந்திரகலா. மொட்டையான தலையில் எண்ணெய் தடவியது, சிவப்பு மூத்திரத்தை எடுத்துக் கொட்டியது, எல்லாம் சந்திரகலா. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஊரே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது.

அப்புறம் வருஷக்கணக்கில் தினம் ஒரு மாத்திரை. அது ஓடிக்கொண்டிருந்தபோதே சந்திரகலா ஆரம்பித்துவிட்டாள். "இந்த ஊட்டுக்கு ஒரு புள்ள வேணாவா?" அடுப்படியில் கேட்டாள், களத்துமேட்டில் கேட்டாள், டாக்டர் அறைக்குள்ளேயே நுழைந்து கேட்டாள். டாக்டர் யோசித்து, பரிசோதனைகள் எல்லாம் பார்த்துவிட்டு, மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்தலாம் என்றார். பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், இருக்கிற மார்பில் சில மாதம் பாலும் கொடுக்கலாம், அதற்குப் பிறகு கட்டாயம் மாத்திரைக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் பால் கொடுக்கக் கூடாது. கணவன் பார்த்திபன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அவளை ஜாக்கெட் இல்லாமல் பார்த்ததே இல்லை. அவள் ஜாக்கெட்டோடுதான் கர்ப்பமானாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் குழந்தையைத் தூக்கி அவள் வலது மாரில் போட்டார்கள். அது வாயைப் பிளந்து, தலையை ஆட்டி, கவ்வியது. சந்திரகலா கட்டிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து, குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"செவலைக்கு இன்னா ஆச்சின்னு நெனப்பு கீதா?"

"மாட்டுக் கதைய ஏன் அத்த இப்ப எடுக்கறீங்க?"

"கேக்கறதுக்குச் சொல்லு. கம்பெனித் தண்ணி கலந்த கால்வாய்ல வாய வெச்சது மாடு. செத்தது எது?"

இளமதி ஆரத்தித் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"சொல்லும்மே. செத்தது எது?"

"கன்னுக்குட்டி."

"மாட்டுக்கு ஒரு தும்மல் வந்துச்சா? கொம்ப ஆட்டிக்கினு, புல்லு மேஞ்சிக்கினு, கல்லாட்டம் நின்னுச்சி. உள்ள போனத எல்லாம் மடியில எறக்கிக் கன்னுக்குக் குடுத்துடுச்சி. அது நொர கக்கிக்கினு கெடந்தத நீயும்தான பாத்த? உனக்கு ஏத்துனாங்களே செவப்பு மருந்து, அது எங்க போச்சி?"

"மூத்திரத்துல போச்சி. நீங்கதான எடுத்துக் கொட்டுனீங்க."

"போனதக் கொட்டுனேன். போவாதத யாரு பாத்தா?"

"டாக்டரு குடுக்கலாம்னு சொன்னாரே அத்த."

"அந்தக் கால்வாய்க்குக்கூடதான் ஒரு ஆபீசரு வந்து பாட்டில்ல புடிச்சிக்கினு போனாரு. தண்ணி நல்லாக் கீதுன்னு பேப்பர் வந்துச்சி. கன்னுக்குட்டி பேப்பரு படிக்குமா?"

வாசல் பக்கமிருந்து அப்பாவு செருமினார். பார்த்திபன் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கன்றின் கடைவாயை இளமதியும் துடைத்திருக்கிறாள். மருந்து ஏறிய நாட்களில் தன் எச்சிலே துருப்பிடித்த இரும்பு மாதிரி ருசித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அத்தனையும் எங்கே போயிருக்கும்? கர்ப்பம் முழுக்க, ஒருவரிடமும் சொல்லாமல், அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான். அதனால்தான் சந்திரகலா பூக்கூடையோடு வந்தபோது கத்தவில்லை, தடுக்கவில்லை. கையைத் தூக்கிக் கொடுத்தாள். இடது கையை முழுசாகத் தூக்க முடியாது, ஆபரேஷனுக்குப் பிறகு அது அப்படித்தான். அதையும் முடிந்தமட்டும் தூக்கிக் கொடுத்தாள். பிற்பாடு நினைக்க நினைக்க அவளுக்கு அதிகமாக அருவருத்தது பூவின் நெடி அல்ல, அந்தத் தூக்கிய கைதான்.

குழந்தை பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு ரூபாய் நோட்டைக் குழந்தையின் கையில் அழுத்தினாள். கண் மட்டும் இளமதியின் இடது பக்கத்துக்குப் போயிற்று. வெளியே போகும்போது ஜாக்கெட்டுக்குள் வைக்கும் துணிப்பந்தை அவள் பிரசவத்துக்குப் பிறகு வைப்பதில்லை. அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"பொட்டப் புள்ளயா பூட்ச்சே," என்றாள் பெரியம்மா.

"பொட்டப் புள்ளதான்க்கா லட்சுமி," என்றாள் சந்திரகலா.

"அதுக்கில்ல. இதுக்கும் அது வந்துடுமான்னு ஒரு பேஜாரு."

"காபியக் குடிக்கா. ஆறிடப் போவுது."

"பாலு?"

"கட்டுப் போட்டாச்சி."

"அதான் நல்லது," என்று பெரியம்மா காபியை உறிஞ்சினாள். உறிஞ்சிவிட்டு, அந்த டம்ளர் யார் குடித்ததோ என்று சந்தேகம் வந்ததுபோல் விளிம்பை ஒருமுறை பார்த்தாள்.

பவுடர் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பச்சையாகப் போயிற்று. சந்திரகலா பொன்னேரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் நந்தினியை வரவழைத்தாள். நந்தினிக்குத் தவழுகிற வயசில் ஒரு பையன் இருந்தான்.

"என் புள்ளைக்கே பத்தலம்மா," என்றாள் நந்தினி, பையைக்கூட இறக்காமல்.

"பத்தும். பழவேற்காட்டுல இருந்து பால்சுறா கொண்டாரச் சொல்லிக்கீறேன். பூண்டு போட்டுப் புட்டு செஞ்சி துண்ணு, தானா ஊறும்."

"மாமியார் கேட்டா இன்னா சொல்றது?"

"ஒங்கண்ணன் புள்ள பட்டினியாக் கீதுன்னு சொல்லு."

நந்தினி உட்கார்ந்து நைட்டியின் ஜிப்பை இறக்கி, குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டாள். இளமதி எதிர்க் கட்டிலில் இருந்தாள். குழந்தை ஒரு வினாடி முகத்தைத் திருப்பியது. பிறகு கவ்வியது. சப்பும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு இளமதியின் உடம்பு பதில் சொன்னது. கட்டுக்குள் வலது பக்கம் பால் சுரீரென்று இறங்கி, பூவை நனைத்தது. ஆனால் இடது பக்கமும் அதேபோலச் சுரீரென்றது. ஒன்றுமே இல்லாத இடத்தில், தையல் போட்ட தழும்புக்குக் கீழே, ஏதோ ஊறி வழி தேடியது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். வறண்ட தோல்தான் தட்டுப்பட்டது.

குடித்து முடித்ததும் நந்தினி ஈரத்துணி கேட்டு வாங்கிக் காம்பைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"எதுக்கு நந்தினி?" என்றாள் இளமதி.

"இல்லண்ணி. ஆஸ்பத்திரில இவ ஒங்ககிட்ட குடிச்ச வாயிதான? அடுத்து என் பையன் குடிக்கணும். எதுக்கும் தொடச்சிடறேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டார்கள்.

பையனும் குடித்த பிறகு மிஞ்சிய சொட்டுப் பாலை நந்தினி ஒரு கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுத்தாள். தாய்ப்பால் கால் படாத இடத்தில் சேரவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். சந்திரகலா கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

பார்த்திபன் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தான். ரோலிங் மில்லில் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் காதுமடலில் கரி நிற்கும். அவன் சாப்பிட உட்கார்ந்ததும் இளமதி கேட்டாள்.

"காலையில பூ யாரு பறிக்கறது?"

"இன்னா கேள்வி இது? நான்தான். நைனாவுக்குக் குனிய முடியல."

"எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"அம்மா சொன்னாங்க. நைனா வேற, வியாபாரிக்குப் போற மொக்குன்னு மொணமொணன்றாரு. நான்தான், பரவால்ல நைனா, ஊட்டுக்குத்தானன்னு சொல்லி எடுத்தாறேன்." அதை ஒரு உதவிபோலச் சொன்னான்.

"டாக்டர் சொல்லும்போது தலைய ஆட்டுனீங்களே."

"ஆட்டுனேன். அவரு பாதி இங்கிலீசுல பேசுனாரு. புள்ள பெத்துக்கலாம்னதுவரைக்கும் காதுல வுழுந்துச்சி."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல இன்னா மதி? புள்ள கெடச்சிடுச்சில்ல?"

சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் தாடை அசைவதையே இளமதி பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு அவளிடமிருந்து ஒரு வயிறு வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டார்கள். மற்றதைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். அவன் ரசம் கேட்டான். ஊற்றினாள்.

மறுநாள் காலை கட்டை அவிழ்க்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலது மார்பில், அக்குள் ஓரமாக, ஒரு கட்டி. விரலுக்கு அடியில் அசையாமல் கல்லாட்டம் இருந்தது. முதல் தடவை குளிக்கும்போது தட்டுப்பட்டதும் இப்படித்தான். மறுபடியும் சென்னை ரயில், ரோஸ்மில்க், பேசின். இந்தப் பக்கமும் போய்விட்டால்? குழந்தையை யார் வளர்ப்பார்கள் என்றெல்லாம் யோசனை ஓடவில்லை. முதலில் வந்த நினைப்பு, இவர்கள் மறுபடியும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான்.

யாரையும் கேட்காமல் கிராம நர்ஸ் ஏஞ்சலினுக்குப் போன் போட்டாள். ஏஞ்சலின் ஸ்கூட்டியில் வந்து, உள்ளே நுழைந்ததுமே மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா நாத்தம்மா இது? எலி கிலி செத்துப் போச்சா?"

கட்டை அவிழ்த்ததும் அவளுக்குப் புரிந்தது. குழைந்த பூவை வழித்துக் கீழே போட்டுவிட்டு அழுத்திப் பார்த்தாள். இளமதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பால் தேங்கி எறுகிக்கினுகீது. வேற ஒண்ணும் மாதிரி தெரியல. இருந்தாலும் நாளைக்கு ஒங்க பெரிய டாக்டரப் போயி பாத்துடு, நான் சொன்னேன்னு சொல்லு. இப்ப மொதல்ல புள்ளைய வுடு. வுடலன்னா காய்ச்சல் கண்டு சீழ் புடிச்சிக்கும்."

"புள்ளைக்கு வேணாங்க," என்றாள் சந்திரகலா.

"ஏன் வேணாம்?"

"மருந்து ஏத்துன ஒடம்பு."

"அது ஏத்தி எத்தினி வருஷம் ஆச்சி? மாத்திரையும் நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. எப்பவோ போயிருக்கும்."

"ஒங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா குடுப்பீங்களாம்மா?"

"என் ஊட்டுப் புள்ளையா இருந்தா இந்தப் பூவக் கட்டுனவ கைய ஒடச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டு ஏஞ்சலின் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். தெரு முழுக்க அவளுக்கு வேலை இருந்தது.

சந்திரகலா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். "பீய்ச்சி எடுத்துடு. லேசாயிடும். எடுத்துக்கினு போயி கக்கூசுல ஊத்தி ரெண்டு பக்கெட்டு தண்ணி வுட்டுடு. தோட்டத்துப் பக்கம் ஊத்தாத. கோழி கொத்திடப் போவுது."

இளமதி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அழுத்த அழுத்த, உயிர் போகிற வலி. முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு டம்ளரின் அடியில் சத்தத்தோடு பீய்ச்சியது. மஞ்சள் ஓடிய வெள்ளை. மோந்து பார்த்தாள். பூ நாற்றம் அவள் தோலில்தான் இருந்தது. பாலில் இல்லை. பாலுக்குச் சொல்லும்படியாக ஒரு வாசனையும் இல்லை. கல் மாதிரி இருந்தது கொஞ்சம் இளகிக் கொடுத்தது.

டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். சந்திரகலா வெந்த பால்சுறாவைத் தோலுரித்து, நந்தினிக்காக உதிர்த்துக்கொண்டிருந்தாள். பூண்டு வாசனை மூக்கைத் துளைத்தது. இளமதி டம்ளரை அவள் முன்னால் வைத்தாள்.

"குடிங்க அத்த."

"சீ! இன்னாடி இது? பைத்தியம் புடிச்சிக்கிச்சா?"

"என் வாந்திய வாருனீங்க. மூத்திரத்த எடுத்தீங்க. ஒரு வாட்டி சீன்னு சொன்னதில்ல. இதுக்குச் சொல்றீங்க."

"அது வேற."

"எப்பிடி வேற?"

"அது நோவுக்காரிக்குச் செய்யறது. எவளா இருந்தாலும் செய்வா."

"எங்கண்ணன் செய்யலியே. நீங்கதான் செஞ்சீங்க. அப்ப வராத அருவருப்பு இப்ப எங்கிருந்து வந்துச்சி?"

சந்திரகலா மீன் கையைப் புடவையில் துடைத்தாள். அவள் உதடு கோணியது. "நீ செத்துடுவேன்னு நெனச்சிதான்டி செஞ்சேன்," என்றாள். "சாவப் போறவளுக்குச் செய்யறதுல இன்னா அருவருப்பு? இன்னும் கொஞ்ச நாள்தானன்னு ஒவ்வொரு நாளும் பேசினக் கழுவுனேன். நீ பொழச்சி வந்துட்ட. இது போயி என் பேத்தி வாய்க்குள்ள எறங்கப் போவுது. எனக்கு பயமா கீதுடி. பயத்துக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். ஊரே மெச்சிய அத்தனை சேவைக்கும் அடியில் இருந்தது இதுதான். இளமதிக்குக் கோபம் வரவில்லை. தொட்டியின் அடியில் வழுக்கிக் கிடந்த பாசியில் கை பட்டது போலிருந்தது. கையை எடுத்துக்கொள்ளத்தான் தோன்றியது.

சந்திரகலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு டம்ளரைக் கையில் எடுத்தாள். வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். முடியவில்லை. கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். அப்புறம் ஏதோ தோன்றியதுபோல் எழுந்து, பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். துவைக்கிற கல்லோரம் சுவரடியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினாள். தரையையே உற்றுப் பார்த்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்த இளமதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எறும்பு வருகிறதா, வந்தது சாகிறதா என்று பார்க்கிறாள். டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது, எதுவும் போதவில்லை. எறும்பு வந்து சொல்லவேண்டும்.

இளமதி காத்திருக்கவில்லை. குளியலறையில் போய் வெந்நீர் ஊற்றி, சீயக்காய் போட்டு, மாரைத் தோல் எரியத் தேய்த்துக் கழுவினாள். அறைக்கு வந்து, நந்தினியின் பக்கத்தில் கிடந்த குழந்தையை எடுத்தாள். இடது கை கடுத்தது. எடுத்துவிட்டாள்.

"அண்ணி, அம்மா பாத்தா..." என்றாள் நந்தினி.

"அம்மா பின்னாடி எறும்பு பாக்கறாங்க. நீயும் போயி தொணைக்கு ஒக்காரு."

நந்தினி மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

குழந்தை வாயைப் பிளந்து தலையை ஆட்டியது. காம்பு கல்லாக இருந்ததால் பிடி கிடைக்காமல் இரண்டு முறை வழுக்கி, கோபத்தில் கத்தியது. மூன்றாவது முறை ஈறால் கடித்துப் பிடித்தது. வலி முதுகு வரைக்கும் ஓடியது. பால் வேகமாக இறங்க, குழந்தைக்குப் புரையேறி, மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்தது. கழுத்து மடிப்பில் வழிந்தது. எத்தனை தேய்த்தும் பூ நாற்றம் தோலை விட்டுப் போயிருக்கவில்லை. அந்த நாற்றத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அது மடக் மடக்கென்று விழுங்கியது. அது எதற்கும் முகம் சுளிக்கவில்லை. விழுங்கும் ஒவ்வொரு மடக்குக்கும் இளமதிக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே கொடுத்தாள்.

கதவோரம் நிழல் விழுந்தது.

"மதி," என்றாள் சந்திரகலா. குரல் கம்மியிருந்தது. "நெறைய எறும்பு வந்து மொய்க்குது. ஒண்ணும் சாவல."

இளமதி நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு..." என்று இழுத்தவள் அப்போதுதான் குழந்தை எங்கே இருக்கிறது என்று கண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க அத்த," என்றாள் இளமதி. "அதுக்குள்ள இவ குடிச்சி முடிச்சிடுவா."

சந்திரகலா போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் உதட்டையே பார்த்து நின்றாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரவேண்டும் என்று இளமதிக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் திரும்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டாள். வலது பக்கமும், குறுக்கே தைத்து மூடிய இடது பக்கமும் வெளிச்சத்தில் தெரிய, நேராக உட்கார்ந்து பால் கொடுத்தாள்.